மூன்றடி தூரம்

சாப்பாட்டு மேசை ஓரத்தில் இருந்த பெட்டி அழுகையை நிறுத்தியிருந்தது.

ஒன்பது நாளாகச் சிக்னலைத் தேடி நிமிடத்துக்கு ஒரு தடவை பீப் பீப் என்று கத்திய பெட்டி. அணைக்க மனமில்லாமல் துணிக்கடைக்காரர் தினமும் அதற்குச் சார்ஜ் வேறு போட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டின் முன்னால், குழாயில் சொட்டும் தண்ணீரையும் மின்விசிறியின் முனகலையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோதுதான் ஏதோ ஒரு சத்தம் குறைகிறது என்று உறைத்தது. பெட்டியைத் திருப்பினார். திரையில் எண் ஓடியது. 6.1. பிறகு 5.4.

சிக்னல் கிடைத்துவிட்டது.

மனைவியின் உணவுக்குழாயில் டாக்டர் ஒட்டிவிட்ட கருவி ஒரு மாத்திரை அளவுதான். வயிற்றிலிருந்து அமிலம் எவ்வளவு மேலேறுகிறது என்று, கம்பி எதுவும் இல்லாமல், உள்ளிருந்தபடியே இந்தப் பெட்டிக்கு எண்ணாகச் சொல்லும்; எண் இறங்க இறங்க அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம். மூன்றடிக்குள் இருந்தால்தான் எட்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த மாத்திரை மனைவியோடு மண்ணுக்குள் போய் ஒன்பது நாள்.

துணி மொத்த வியாபாரத்தில் நாற்பது வருடம் பழுத்த வாய் அவருடையது. டாக்டரிடமும் பேரம்தான். நான்கு நாள் சோதனையை இரண்டாகக் குறைத்தார். இதயத்தையும் பார்த்துவிடலாம் என்றதற்கு, "ஒரு சட்டை எடுக்க வந்தவனை முழுக் கடையையும் வாங்கச் சொல்றீங்களே சார்" என்று சிரிக்கவைத்துத் தட்டிக்கழித்தார். வலிக்கும்போதெல்லாம் பெட்டியின் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் ராத்திரியே அவள் அமுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சரக்கு பிடிச்சிருக்குன்னு மூஞ்சில காட்டினா விலை ஏறும்டி. நீ இப்படி அமுக்கிட்டே இருந்தா அந்த ஆள் இன்னும் பத்து டெஸ்டைத் தலைல கட்டுவான். அஞ்சோட நிறுத்திக்க."

"வலிக்குதேங்க."

"அஞ்சுன்னா அஞ்சுதான்."

அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள். விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாள். பக்கத்தில்தான் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மகளிடம் சொன்னது வேறு. தூக்கத்திலேயே போயிட்டா, ஒரு வலியும் இல்ல.

பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஜன்னல் வழியாக வெயில், காயும் துணியின் வாசம், தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம். பெட்டி கத்தத் தொடங்கியது. திரும்பி வந்தார். அடங்கியது. மறுபடி போனார். கத்தியது. வந்தார். அடங்கியது.

அப்படியானால் அந்த மாத்திரை பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை.

அவருக்குப் பக்கத்தில்.

பெட்டியை எடுத்தார். 3.2. படுத்திருப்பதைக் காட்டும் சின்னம், அன்று படுக்கும்போது அவள் அமுக்கிவைத்தது, ஒன்பது நாளாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே அணைந்தது.

எழுந்துவிட்டாள்.

செல்போன் அடித்தது. மகள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு."

"நாளைக்கு நானே வந்து பெட்டியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறேன். அதுல எல்லாம் பதிஞ்சிருக்குமாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அம்மா கஷ்டப்படலையே?"

எதிராளி கேட்டு முடிப்பதற்குள் பதில் வைத்திருக்கும் வாய். 

"இல்லம்மா. ஒரு துளிகூட—"

பொத்தான் உள்ளே போனது. பீப்.

வலியின் எண்ணிக்கை 5 என்றிருந்த இடத்தில் 6.

"என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

பீப். 7.

புளித்த மூச்சு. காதோரம். சூடாக.

திரும்பவில்லை. முடியவில்லை. திரையில் 1.9.

"அப்பா." மகளின் குரல் தாழ்ந்தது. "உங்க பக்கத்துல யாரு முனகுறது?"

அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மின்விசிறிகூட.

"அப்பா, யாருப்பா அது? வலிக்குதுன்னு சொல்றாங்களே."

பெட்டி அவர் உள்ளங்கையில். மேலே எந்த விரலும் இல்லை. பொத்தான் உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போனது. 8. 9. 10. ஒவ்வொரு தடவையும், ஒரு கட்டைவிரலின் பாரத்துக்கு, அவர் கை கொஞ்சம் தாழ்ந்து எழுந்தது.