இரண்டு புலிகளுக்கு நடுவே

பிற்பகல் 3.10. உயிரியல் பூங்காவின் புலிப் பகுதிக்குள் நுழைந்ததுமே ஓட்டுநர் சுற்றுலா வேனுக்கு பிரேக் போட்டார். பாதையோரப் புல்லில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் குப்புறக் கிடந்தார். அவருக்கு இருபுறமும் இரண்டு புலிகள் தலையை நிமிர்த்தாமல் படுத்து, வேனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நம்ம புலிக் காப்பாளர்ம்மா..." ஓட்டுநர் அவசரமாகத் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினார். "காலையில ஒண்ணாத்தான் டீ குடிச்சோம்."

வேனில் ஒரே குடும்பம்தான்: விடுப்பில் வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர், அவளுடைய ஆறு வயது மகள், நாத்தனார்.

"லீவு போட்டாலும் பொணம் உங்களைத் தேடி வருதே அண்ணி!" நாத்தனார் குழந்தையின் கண்களைப் பொத்தினாள்.

"இந்த நேரத்துக்கு இங்க வண்டி வருமா?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"வராதும்மா. யானை வழியை மறிச்சதால அரை மணி முன்னாடியே இந்தப் பக்கம் திரும்பிட்டேன்."

வயர்லெஸ்ஸில் சொன்ன நாலாவது நிமிடம் பூங்கா டாக்டரின் ஜீப் வந்தது. கண்ணாடியைத் துளி இறக்கிக் கத்தினார்.

"யாரும் இறங்காதீங்க! ரெண்டும் பாயத் தயாரா இருக்கு. வேனைத் திருப்பு!"

"மயக்க ஊசி போடலாமே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"மருந்து நேத்தே தீர்ந்துபோச்சு."

"அவரை எப்படி எடுப்பீங்க?"

"அரை மணி போகட்டும். தானா விலகும்."

அத்தையின் விரலிடுக்கு வழியே பார்த்த குழந்தை சொன்னது: "அம்மா, அது கண்ணே சிமிட்டல."

இன்ஸ்பெக்டர் உற்றுப் பார்த்தாள். புலியின் மஞ்சள் விழிமேல் ஓர் ஈ உட்கார்ந்து, சாவகாசமாக நடந்தது. இமை அசையவில்லை. விலா மட்டும் மெல்ல ஏறி இறங்கியது.

ஹாரன் அடிக்கச் சொன்னாள். ஒரு காதுகூடத் திரும்பவில்லை. கதவைத் திறந்தாள்.

"அண்ணி! பைத்தியமா உங்களுக்கு?"

ஆறே அடி. காப்பாளரின் கழுத்தில் சூடு இருந்தது, துடிப்பு இல்லை. பின்மண்டை பிளந்திருந்தது. சட்டையில் ஒரு கிழிசல் இல்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை. பின்னால் வால் ஒன்று தொப்பென்று தரையை அடித்தது. அவள் ஓடவில்லை. பின்னோக்கியே நடந்து வேனில் ஏறினாள்.

3.40. ஊழியர் அறை. காப்பாளரின் உடலை ஜீப்பில் எடுத்துவந்திருந்தார்கள். உள்ளூர்ப் போலீஸ் வாசலில் நின்றது.

"புலிப் பகுதியோட உள்கதவுச் சாவி யார் யார்கிட்ட?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"காப்பாளர், ஓட்டுநர், நான்," என்றார் டாக்டர். "அஜாக்கிரதையா உள்ள போயிருப்பான். புலி அடிச்சிருச்சு."

"நகம் படாம அடிக்கிற புலியா?"

டாக்டர் ஜீப் சாவியைக் கையில் எடுத்தார்.

"எங்க வீட்டுப் பூனைக்கு ஆபரேஷன் செஞ்சப்போ பார்த்தேன் டாக்டர். சில மயக்க மருந்துல அதுங்க கண்ணை மூடாது. விழிச்சபடியே கிடக்கும். ஓட்டுநருக்கு அது தெரியாது, நிஜமாவே பயந்து கண்ணாடியை ஏத்தினார். எனக்கே என் பொண்ணு சொல்லித்தான் உறைச்சது. ஆனா நீங்க மிருக டாக்டர். கண்ணுமேல ஈ நடக்கிற புலியைப் பார்த்து, பாயத் தயாரா இருக்குன்னீங்க. தெரியாம சொல்ல வழியே இல்ல. தீர்ந்துபோன மருந்து அந்த ரெண்டு உடம்புலதான் இருக்கு. நாங்க போனதும் புலி எழுந்து அவரைக் கிழிச்சிருந்தா, மண்டைக் காயத்தை யார் தேடப்போறா?"

மூலையில் நின்ற ஓட்டுநர் வாயைத் திறந்தார். "செத்துப்போச்சுன்னு இவர் எழுதின ரெண்டு புலிக்குட்டியும் உயிரோட விலைபோய் வண்டியேறினதை அவன் பார்த்துட்டான்மா. இன்னைக்கு மேலாளர்கிட்ட சொல்றேன்னு காலையிலதான் சொன்னான்."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரே அடி. செத்துட்டான்னு நினைச்சுத்தான், புலிங்களுக்கு ஊசி போட்டுட்டு உள்ள இழுத்துப் போட்டேன். திரும்பி வந்து கதவைப் பூட்டும்போது..."

"பூட்டும்போது?"

"'டாக்டர், நான் உள்ள இருக்கேன்'னு கூப்பிட்டான்."



"நீங்க என்ன செஞ்சீங்க?"

"பூட்டிட்டேன்."