காலடி ஈரம்

ஒரு பெட்டி கேக்கை ஒளித்துவைத்துத் தின்று தீர்த்த மனிதருக்குச் சர்க்கரை எப்படிக் குறையும்? அவள் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியை உதறிவிட்டு, கணவரின் இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள். அதே அளவுதான்.

"பார்த்தியா? புது வண்டி மாதிரி இருக்கேன்," என்றார் அவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"செம்புத் தண்ணி அப்படியே இருக்கு. காலையிலேருந்து ஒரு வாய்கூடக் குடிக்கலையா?"

"தாகமே எடுக்கலை."

பாத எரிச்சலில் துடித்தவரைக் கொல்லை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தன் செடிப் பண்ணையின் ஈர மண்ணைக் கொட்டிக் கால்களைப் புதைத்துக்கொள்ளச் சொன்னது அவள்தான். முதலில் சாயங்காலம் மட்டும் உட்கார்ந்தார். அப்புறம் சாப்பாடும் அங்கேயே. இந்த வாரம் தூக்கமும்.

காற்று நின்று, பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தமும் அடங்கி, மழை விட்ட கொல்லையில் மட்கிய இலையும் காளானும் கலந்த வாடை நாற்காலியைச் சுற்றியே கனத்துக் கிடந்த அந்த அந்தியில், மண்ணுக்கடியிலிருந்து ஒரு சத்தம் அவள் காதில் விழுந்தது. குழந்தை பால் குடிப்பதுபோல, விட்டு விட்டு.

மண்டியிட்டு மண்ணை விலக்கினாள். வெள்ளை நூல்கள். மரத்தின் வேரிலிருந்து கிளம்பி, அவர் குதிகால் வெடிப்புகளுக்குள் நுழைந்திருந்தன.

இந்தப் பூஞ்சண நூல் அவளுக்குத் தெரியாததா? செடி வாங்க வருகிறவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள். "வேரைக் கழுவிடாதீங்க. இது செடிக்குத் தண்ணி கொண்டுவந்து கொடுக்கும். கூலியா செடிகிட்டேருந்து சர்க்கரையை வாங்கிக்கும்."

இவருக்குத் தாகம் இல்லை. இவரிடம் சர்க்கரை இல்லை.

"எழுந்திருங்க."

"விடும்மா. எரிச்சல் இல்லை, வலி இல்லை. உன்னைவிட நல்லாவே கவனிச்சுக்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஓகோ. உங்க குறட்டையையும் அதுவே கேட்டுக்கட்டும்னு விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைச்சீங்களா?"

கிளை வெட்டும் கத்தரியை எடுத்துவந்து நூல்களை வெட்டினாள். நறுக். நறுக்.

"தண்ணி..." அவர் உதடு நொடியில் காய்ந்து வெடித்தது.

வெட்டுப்பட்ட முனைகள் நெளிந்தன. தேடின. மறுபடி ஒட்டிக்கொண்டன. இப்போது விரல் பருமனில் வேரும் கூடவே. அவர் முகம் தெளிந்தது. சிரித்தார்.

அவள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். மரத்தைப் பார்த்துச் சொன்னாள். "இவர் என் ஆளு. நீ வேற இடம் பாரு."

ஓர் அடி இழுத்தாள். பின்னால் மண் பிளந்தது.

மரமும் ஓர் அடி நகர்ந்தது.

பிடி தளரவில்லை. இன்னோர் அடி. மரமும். சமையலறைப் படி. மரமும்.

"விட்டுடு," என்றார். அந்தக் குரலில் இலைகள் உரசின.

"மாட்டேன். வரட்டும். உள்ளேதான் அடுப்பு இருக்கு."

அவரை நிலைப்படி தாண்டி இழுத்துப்போட்டாள். வாசல் இருண்டது. உயரமான விருந்தாளியைப் போல, மரம் மெல்லத் தலையைக் குனிந்தது.