கழுவி வந்த கிண்ணம்

கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முருகையாவுக்கு அதுதான் உறுத்தியது. அணையின் கடைசிப் படியில், நீரோரம், முந்தின நாள், வெள்ளிச் சாயங்காலம், அவர் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்த கிண்ணம். குரங்கானால் உருட்டிவிட்டுப் போயிருக்கும். தேய்த்துக் கழுவுவது மனுஷப் பழக்கம்.

நீருக்கடியில் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் கிடந்தது: தொழிலாளர் லயம், கோயில், இடுகாடு. அணைத் திறப்பு விழாவில் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர், இனி இருளே இல்லை என்று முழங்கினார். முழங்கி முடிப்பதற்குள் மைக்கில் கரண்டு போனது. இடுகாட்டுக் குழிகளையெல்லாம் மரியாதையோடு இடம் மாற்றியாயிற்று என்றும் சொன்னார். செத்துப்போன மனைவி பஞ்சாலைக்கான மரியாதையாக முருகையா கைக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே செம்மண், ஒரு சிகரெட் துண்டு. அவள் இன்னும் கீழேதான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, அணையிலேயே காவல்காரராக, ஜாகா வேலைக்குச் சேர்ந்தார்.

பகல் காவல் முடிந்து கிளம்பிய ஷங்கர் கேட்டான்: "அண்ணே, மீனுக்குச் சோறு போடுறீங்களாம்? ஆபீஸ் போஸ் பாத்தா வேல போயிரும்லா!"

"மீனுக்கில்லடா. ஒங்க அண்ணிக்கு."

"சம்பல் எப்படியாம்?"

"வழிச்சுத் தின்னு கழுவி வச்சிருக்கா. ஒறப்பு சரிதான் போல."

ஷங்கர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். அந்தச் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் தேய்ந்து மறைந்தபின், டர்பைனின் முனகல் மட்டுமே அவருக்குத் துணை.

அடுத்த வெள்ளியும் வைத்தார். லயத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். விடிந்து பார்த்தபோது கிண்ணத்தில் ஈரச் சேறு இருந்தது, அதன்மேல் பச்சைக் கறிவேப்பிலைக் கொத்து. முருகையா அழுதார். பயத்தில் அல்ல. அவருக்கென்று ஒருத்தி பதில் அனுப்பியிருக்கிறாள்.

மறு வெள்ளி, பானையில் இருந்ததை எல்லாம் வழித்துக் கொண்டுபோய் வைத்தார்.

பொழுது சாய்ந்தது. மழை இருட்டு. ரப்பர் மரத்து ஒட்டுப்பால் நாற்றம் ஒன்று நீரிலிருந்து எழுந்து, படியேறி, காவல் கூண்டு வரை வந்து நின்றது. டர்பைன் ஓய்ந்தது. எட்டிப் பார்த்தார்.

படியில் இன்னொரு கிண்ணம். அவருடையது அல்ல. நெளிந்த அலுமினியம். அதற்குக் கீழ்ப் படியில் ஒரு தட்டு. அடுத்து ஒரு பீங்கான் மங்கு. தண்ணீருக்குள் இறங்கும் படி ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரம்.

எல்லாம் காலி.

அப்போதுதான் உறைத்தது. லயத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ஒருத்திக்கு மட்டும் ஊட்டியிருக்கிறார்.

கதவைத் தாழிட்டார். பானையில் ஒரு பருக்கை இல்லை.

சிமெண்டில் தகரம் இழுபடும் சத்தம். அருகில். இன்னும் அருகில்.

நின்றது.

ஜன்னலுக்கு வெளியே, அணை நெடுக, ஈரம் சொட்டச் சொட்ட வரிசை. கையில் பாத்திரங்கள். முகங்கள் இருந்த இடத்தில் சேறு.

வரிசையின் முன்னால் பஞ்சாலை. அவள் பாத்திரம் கொண்டுவரவில்லை. வீட்டுக்காரி அல்லவா, வந்தவர்களுக்கு அவள்தானே ஆக்கிப் போட வேண்டும்! வாசலில் அரிவாள்மனையைப் போட்டு, காலால் மிதித்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.