உயிரோடு ஒரு மெய்ப்படம்

தன் கல்யாணப் படத்தை அழித்துவிட்டுத்தான் பெர்க்மான்ஸ் அன்று காலை மருத்துவமனைக்குக் கிளம்பினார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வேறு வழியும் இல்லை. மெய்ப்படத்தில் முகத்தின் ஒவ்வொரு மயிர்க்காலும் பதிவாகும். ஒரே படம் ஒரு நினைவுப்பாளத்தை முழுதாக அடைத்துக்கொள்ளும். அவருடைய படக்கடையில் இருந்த மற்றப் பாளங்கள் எல்லாம் ஊராரின் படங்களால் நிரம்பியிருந்தன. அவற்றில் கைவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சிறிய படமாக எடுக்கவும் முடியாது. பொய்ப்படங்கள் பெருகி, செய்யாத குற்றத்துக்கு ஆட்கள் சிறைக்குப் போன பிறகு, முழு நுணுக்கம் இல்லாத எந்தப் படத்தையும் திரைகள் காட்டக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது.

சலேத்தம்மாள் வார்டு வாசலிலேயே காத்திருந்தாள். அவள் கணவன் கஸ்பாருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது, மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். இறந்தவரைப் பெட்டியில் வைத்து, உறவினர் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது அவர்கள் கடற்கரையில் வழக்கம்.

"அந்தப் படம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. வயித்துல இருக்க பிள்ளைக்கு அதோட அப்பாவ உசுரோட காட்டணும்."

பெர்க்மான்ஸ் படமெடுக்கும் நுண்பதிவியை முக்காலியில் நிறுத்தி அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை நுணுக்கத்தில் இழையளவு அசைவும் கலங்கலாகத் தெரியும். கலங்கலை நுண்பதிவி ஏற்காது. எல்லோரிடமும் சொல்வதுபோல் மூச்சை அடக்கச் சொன்னார். கஸ்பாரால் முடியவில்லை. இளைப்பு அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"மயிர்க்கால எண்ணி எதுக்கு அண்ணாச்சி? அதுக்கும் வரி போடப் போறானுவளா?" என்றான் மூச்சுத் திணறலுக்கு நடுவே.

அவர் தலையணைகளை அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். மறுபடியும் சிவப்பு. மின்விசிறிக் காற்றில் முடி அசைகிறதோ என்று அவர் சந்தேகப்பட, செவிலி விசிறிகளை நிறுத்தினாள். அந்தப் புழுக்கத்தில் வார்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு வாயைப் பொத்தியபடி படுத்திருந்தார். ஆண்டவர் அந்த அறையில்தான் இருந்தார் என்று பெர்க்மான்ஸ் பின்னாளில் சொல்வதுண்டு. ஆனாலும் விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

சலேத்தம்மாள் கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்து, கணவனின் தலையை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். கஸ்பார் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போவதுபோல் உதடு பிரிந்தது. பெர்க்மான்ஸ் அழுத்தினார்.

பச்சை விளக்கு எரிந்தது.

"படம் விழுந்துட்டா அண்ணாச்சி?" அவள் முகம் மலர்ந்துவிட்டது.

பெர்க்மான்ஸ் இளைப்பு அடங்கிப்போன கஸ்பாரின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுந்துட்டும்மா," என்று சொல்லிவிட்டு, மெல்ல நடந்து அவள் அருகில் போய் நின்றார். இன்னொரு படம் கேட்டுவிடுவாரோ என்று, அவள் அந்தத் தலையை அசையாமல் தாங்கிக்கொண்டே இருந்தாள்.