ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீர்

"யா அல்லாஹ்..!"

நிந்தவூரில் ஒரு தெருவையே உலுக்கியது அந்த அலறல். பிற்பகல் நாலு மணி.

அலறியவர் சாலிஹ். அக்கம்பக்கத்தார் ஓடி வந்தபோது, மருந்து போட வந்த கிணற்றுக்குள்ளேயே பிணமாய் மிதந்தார். பின்மண்டை பிளந்திருந்தது...

கிணற்று நீரைச் சுத்திகரிக்க அந்தப் பகுதியில் பெர்மிட் வைத்திருந்த ஒரே ஆள் அவர்!

மறுநாள் காலை. இன்ஸ்பெக்டர் காலிதீன் கதிரையில் சாய்ந்தார். 1979 ஓகஸ்ட், நோன்பு மாதம். வெளியே கச்சான் காற்று அனலாய் வீசியது. சூறாவளி அடித்து ஒன்பது மாதமாகியும் பாதிக் கிணறுகள் நாறிக்கொண்டிருந்தன. அவருக்கு மனிதர்களே அலுத்துப் போயிருந்தார்கள்.

பொலிஸ் கூண்டுக்குள் கிணற்றுச் சொந்தக்காரன் அச்சிமுகம்மது அழுதுகொண்டிருந்தான்.

"வல்லாஹி நான் செய்யல்ல சேர்! தண்ணி மருந்து மணக்குதெண்டு அவரோட சத்தம் போட்ட... அவ்வளவுதான்!"

"பத்து மணிக்கு நீதவானுக்கு முன்னால நிப்பாட்டணும் சேர்," என்றான் கொன்ஸ்தாபிள் சரீப். "வேற ஆள் இல்லாட்டி இவன்தான்."

"சாலிஹ் மௌத்தானா பெர்மிட் ஆருக்குப் போகும்?"

"ஜெமீலுக்கு. அடுத்த விண்ணப்பம் அவன்ட. ஆனா நேத்து நாலு மணிக்கு அவன் பத்து மைல் தள்ளி, வரிப்பத்தான்சேனையில சேர்."

"ஆரு சொன்ன?"

"அவன்ட பெர்மிட் பேப்பர் சொல்லுது!"

காலிதீன் பெருமூச்சு விட்டார். "கூப்பிடு."

ஜெமீல் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. நெஞ்சோடு அணைத்த ஃபைல்.

"பெர்மிட்டுக்குப் பத்துக் கிணறு சுத்தம் பண்ணிக் காட்டணும் சேர். பத்தாவது வரிப்பத்தான்சேனையில. வளவுக்காரர் வெள்ளாம வெட்டுக்குப் போயிட்டார். நான் தனியத்தான்."

காலிதீன் படிவத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

நிமிர்ந்து உட்கார்ந்தார்!

"மருந்து போட்ட ஆளே ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சுக் காட்டணும். அதுதானே சட்டம்?"

"ஓம் சேர். குடிச்சு, நேரம் எழுதி, ஒப்பம் வைக்கணும். இல்லாட்டி பெர்மிட் இல்ல."

"அப்ப நேத்து நாலு மணிக்குக் குடிச்ச நீங்க?"

"ஓம்! எழுதி இரிக்கே!"

"முழு கிளாஸும்?"

"ஒரு சொட்டு மிச்சமில்லாம!"

காலிதீன் மெல்லக் கேட்டார்.

"நோன்போடயா..?"

"அடப் பாவி!" சரீப் அலறினான். "பட்டப்பகல்ல குடிச்சியா? உன்ட வாப்பா இனி பள்ளிவாசலுக்குள்ள முகம் காட்டேலுமா?"

ஜெமீலின் முகம் வெளிறியது. "இல்ல... நான் குடிக்கல்ல!"

"பேப்பர் சொல்லுதே?"

"பேப்பர் பொய்! ஏழு வயசுல இருந்து ஒரு நோன்பும் விட்டதில்ல நான்! மத்த ஒன்பது கிணறும் நோன்புக்கு முந்திச் செஞ்ச... அதையே பாத்து எழுதிட்டன்!"

"சரி, குடிக்கல்ல. மருந்தாவது போட்டியா? போட்ட கிணறெண்டா இண்டைக்கும் மணக்கும். ஆள் அனுப்பி மணந்து பாக்கட்டா?"

ஃபைல் நழுவி விழுந்தது. ஜெமீலும் தரையில் குந்திவிட்டான்.

"மூணு வருஷம் சேர்... பெர்மிட் கேட்டு கந்தோர் கந்தோரா அலைஞ்சன். ஒரு பகுதிக்கு ஒரு பெர்மிட்தானாம். அவருக்குக் குடுத்துட்டாங்க. நேத்து கிணத்தடியில தனிய நிண்டார்... கம்பி என்ட கையில இரிந்திச்சு..."

காலிதீனுக்குக் கோபம் வரவில்லை. துக்கமாய் இருந்தது. ஒரு தாளுக்காக ஒரு மனிதன்!

கூண்டு திறந்தது. அச்சிமுகம்மது செருப்பைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து ஓடினான். அதே கூண்டுக்குள் ஜெமீல் போனான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"சேர்... கொலைகாரனெண்டு எழுதுங்க. நோன்ப விட்டவனெண்டு மட்டும் எழுதிராதீங்க!"

"எழுதல்ல," என்றார் காலிதீன், தொப்பியை எடுத்தபடி. "சரீப்! பொழுதுபட்டு மஃரிபுக்கு பாங்கு சொன்னதும், நோன்பு திறக்க இவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி குடு. முழுக்கக் குடிச்ச பிறகு... நேரம் எழுதி ஒப்பம் வாங்கு!"