மூடிய அறையில் நான்கு வேளை

வயிற்றிலிருந்து பையில் வடிந்த திரவம் லேசாகக் கலங்கியிருந்தது.

முதலில் அவள் வெளிச்சத்தின் மேல் பழி போட்டாள். நண்பகல் தாண்டிய நேரம். சாத்திய ஜன்னலின் பால்நிறக் கண்ணாடி வழியே வரும் வெயில் எதையும் சற்று மங்கலாகத்தான் காட்டும். நிறுத்தி வைத்த மின்விசிறிக்குக் கீழே காற்று அசையாமல் கிடந்தது. ஸ்பிரிட் வாசனையும், பிளாஸ்டிக் வாசனையும், முகக்கவசத்துக்குள் தன் மூச்சே தன்மேல் திரும்பத் திரும்ப மோதும் வெதுவெதுப்பும் சேர்ந்து அந்தச் சின்ன அறையை ஏதோ பெட்டிக்குள் அடைத்ததுபோல் ஆக்கியிருந்தன. பையைத் தூக்கி, அச்சடித்த தாள் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். பயிற்சியின்போது மருத்துவமனை சிஸ்டர் சொல்லிக்கொடுத்த சோதனை அது. அடியிலிருக்கும் எழுத்தை வாசிக்க முடிந்தால் கவலையில்லை.

எழுத்துகள் தெரிந்தன. வாசிக்க முடியவில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு ஆறு வருடம் ஆகிறது. தொப்புளுக்குப் பக்கத்தில் பென்சில் கனத்தில் ஒரு குழாய் தொங்கும். அதன் வழியாகத் தினமும் நான்கு வேளை இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, உடம்பின் கழிவோடு வடித்துவிட வேண்டும். மருத்துவமனைக்கு ஓட வேண்டாம், வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பதிலுக்குச் சில விதிகள். கதவைச் சாத்த வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். கையை ஐந்து நிமிடம் கழுவ வேண்டும். முகக்கவசம் போட வேண்டும். குழாயின் வாய் திறந்திருக்கும்போது பேசக் கூடாது. அந்த அரை மணி நேரம் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

கடைசி விதிதான் அவளுக்கு மிகச் சுலபமாக இருந்தது.

ஆரம்பத்தில் மாடிவீட்டு அம்மா எதையாவது எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். "இப்ப வேண்டாங்க, குழாய் மாட்டியிருக்கேன்" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். நாலைந்து முறை அப்படிப் போனபின் தட்டுவது நின்றுவிட்டது. தம்பி தொலைபேசியில் "வரட்டுமாக்கா?" என்பான். "எதுக்குடா வீணா அலையுற" என்பாள். அவனும் கேட்பதை விட்டான். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. நாள் முழுக்கக் காதில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். யாரும் அவளோடு பேசுவதில்லை.

சிஸ்டரை அழைத்தாள்.

"பையைக் கொட்டிடாதீங்க. அப்படியே எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க" என்றார் சிஸ்டர். "வயிறு வலிக்குதா?"

"இல்லை. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

"வலி வர்றதுக்குள்ள வாங்க."

அவள் போகவில்லை. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய பதிவு ஒன்று பாதியில் நின்றது. அடுத்த பையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம். ஆறு வருடத்தில் ஒருமுறைகூடக் கிருமி அண்டாதது அவளுடைய ஒரே பெருமை. அது போய்விட்டது என்று ஒருவர் வாயால் கேட்கத் தைரியம் வரவில்லை.

நான்கு மணிக்கு முதல் நடுக்கம் வந்தது. பல் கிட்டியது. விரல்கள் தட்டச்சுப் பலகையில் தாறுமாறாக விழுந்தன. ஐந்து மணிக்கு வடித்த பையில் வெள்ளை வெள்ளையாக நூல் மிதந்தது. எழுந்து நின்றபோதுதான் வயிறு தன்னைக் காட்டியது. ஒரு இடத்து வலி இல்லை. விலா எலும்பிலிருந்து இடுப்புவரை உள்ளே ஒரு தோல் இருப்பதையும், அது முழுவதும் வெந்துபோனதையும் முதல்முறையாக உணர்ந்தாள்.

வாடகைக் காரில் மடியில் இரண்டு பைகளோடு குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் வயிற்றில் இறங்கியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். "இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்மா" என்றார் பரிதாபமாக.

மருத்துவர் இளம்பெண். வயிற்றில் விரல்களை வைத்து மெல்ல அழுத்தினார். பொறுத்துக்கொள்ள முடிந்தது. சட்டென்று கையை எடுத்தார். அவள் கத்திவிட்டாள்.

"எடுக்கும்போதுதான் அதிகம் வலிக்குது, இல்லையா? வயித்துச் சவ்வு அழற்சி" என்றார் மருத்துவர். ஒரு மணி நேரத்தில் சோதனை முடிவு வந்தது. "இந்தத் தண்ணியில வெள்ளையணு நூறு இருந்தாலே நாங்க பயப்படுவோம். உங்களுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். மதியமே வந்திருக்கலாமே?"

"அனுப்ப வேண்டிய வேலை ஒண்ணு இருந்தது" என்றாள்.

என்ன கிருமி என்று தெரிவதற்குள்ளேயே மருந்து ஆரம்பமானது. புதுப் பையில் இரண்டு வகை மருந்தை ஊசியால் ஏற்றி, அதை வயிற்றுக்குள் விட்டு, ஆறு மணி நேரம் தேக்கி வைத்தார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பை தெளிந்தது. நடுக்கம் விட்டது. பசி எடுத்தது. பிழைத்துவிட்டோம் என்று அவள் நம்பத் தொடங்கிய அன்றைக்குத்தான் கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்தது.

மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "மருந்துக்குக் கட்டுப்படுற கிருமிதான். ரெண்டு வாரம் தொடர்ந்தா போதும். ஆனா வழக்கமா கையில, தோல்ல இருக்கறதுதான் இப்படிக் குழாய் வழியா உள்ள போகும். இது அது இல்ல. இது வாயில வாழ்ற கிருமி. கவசம் இல்லாம மாத்தினீங்களா?"

"ஒரு நாளும் இல்லை."

"சமீபத்துல பல் எதுவும் பிடுங்கினீங்களா?"

"இல்லை."

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். ஈறு, பல், எல்லாம் சுத்தம். அன்று பிற்பகல் சிஸ்டர் வந்து, அவளைப் பை மாற்றச் சொல்லி முழுவதும் கூட நின்று கவனித்தார். ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்க எனக்கே பாடம் எடுக்கலாம்" என்றார் சிஸ்டர். "அப்ப யாரு பக்கத்துல உக்காந்திருந்தா? குழாய் திறந்திருக்கும்போது குனிஞ்சு மூச்சு விட்ட மாதிரி இருக்கே."

"யாரும் இல்லைங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

"உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்குன்னு கிருமி சொல்லுதே!" சிஸ்டர் சிரித்தார். வேறு நோயாளி கூப்பிட, அதே சிரிப்போடு போய்விட்டார்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் முடிந்து வீடு திரும்பியபோது அறை அவள் விட்டுப்போனபடியே இருந்தது. சுவர், தரை, மேசை, கதவின் கைப்பிடி என்று ஒன்று விடாமல் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது. தம்பியை அழைத்து, "ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போறியாடா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

"சனிக்கிழமை வர்றேன்க்கா. என்னாச்சு?"

"ஒண்ணும் இல்லடா. சும்மாதான்."

அன்று செவ்வாய்.

பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். கவசத்தை மூக்கின்மேல் அழுத்திவிட்டுக் கையைக் கழுவினாள். எஃகுத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து மேசையில் வைத்து, குழாயை மூடப்போகும் புது மூடியை அதன் மறுகோடியில் பிரித்து வைத்தாள். பழைய திரவம் வடிந்தது, பளிச்சென்று, தெளிவாக. புதியது இறங்கியது. வயிற்றுக்குள் இதமான சூடு பரவியது. வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்தது. பிறகு எதுவும் இல்லை.

குழாயின் நடுவே வழியை அடைக்கும் திருகை மூடினாள். பையைக் கழற்றினாள். இடது கையில் குழாயின் வாய் திறந்திருந்தது. இனி மூடியை எடுத்து மாட்ட வேண்டும். மூன்று நொடி வேலை.

அப்போது கேட்டது.

மூச்சு.

அவள் காது பழகிய காது. சாட்சி பொய் சொல்வதற்கு முன் இழுக்கும் மூச்சையும், அழுவதற்கு முன் இழுக்கும் மூச்சையும் பிரித்தறியும் காது. இது இரண்டும் இல்லை. காத்திருக்கிற ஒருவரின் மூச்சு. பொறுமையாக. மிக அருகில்.

தன் மூச்சை அடக்கினாள்.

அது நிற்கவில்லை.

எஃகுத் தட்டின் நடுவில் ஒரு வட்டம் படிந்தது. கையகலப் பனிமூட்டம். மெல்ல ஓரங்களிலிருந்து சுருங்கி மறைந்தது. மறுபடி படிந்தது. சற்று இடது பக்கம் தள்ளி. மூடிக்கும் அவள் கைக்கும் நடுவே.

எழ முடியவில்லை. குழாயை எங்கும் படாமல் பிடித்திருக்க வேண்டும். ஆறு வருடப் பழக்கம் அவள் கையை அப்படியே நிறுத்தி வைத்தது.

"யாரு?" என்றாள். அந்த அறையில், குழாய் திறந்திருக்கையில், அவள் பேசிய முதல் சொல்.

வட்டம் மறைந்தது.

தட்டு பளபளத்தது. ஒன்றும் இல்லை. எதுவும் இல்லை. அவள் வலது கையை மூடியை நோக்கி நீட்டினாள்.

இடது கையின் விரல் நுனிகளில் சூடு பட்டது. ஈரமான சூடு. யாரோ ஆசையோடு குனிந்ததுபோல்.

திருகு மூடித்தான் இருந்தது. பார்த்தாள். இறுக்கமாக மூடியிருந்தது.

இருந்தும், வயிற்றின் உள்ளே, மிக ஆழத்தில், யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்.