குடியேட்டில் ஏறிய பெயர்

உமிரி கடலுக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, வடகிழக்கே கை காட்டினாள்.

"சாளை. பெருங்கூட்டம். இப்பவே வலை விட்டா மத்தியானத்துக்குள்ள ஏழு திட்டுக்கும் சாப்பாடு."

ஏழ்திட்டு நாட்டில் மீன் தேடும் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கடலடியில் முங்கிக் கிடக்கும் பழைய நகரங்களின் இரும்பும் கம்பியும் கிளப்புகிற எதிரொலியில் கருவிகளெல்லாம் குழம்பிப்போய்விடும். தண்ணீருக்குள் மீனின் இரைச்சலைத் தனியே பிரித்துக் கேட்க இவள் ஒருத்தியால்தான் முடிந்தது. எல்லைக்கு அப்பால் நாற்பது படகுகளிலேயே பிறந்து, வாழ்ந்து, சாகிற ஓடக்குடியைச் சேர்ந்தவள். எல்லை தாண்டி மீன் பிடித்தாள் என்று மூன்று வருடத்துக்கு முன் பிடித்து வந்து காலில் வளையம் மாட்டினார்கள். படகை விட்டு ஐம்பது அடி போனால் போதும், அந்த வளையம் காலை மரத்துப்போகச் செய்துவிடும்.

அவளைக் கைகொடுத்துத் தூக்கியவன் அந்த நாட்டு அரசன் ஆதன்வேள். மீன்பிடிப் படகில் அரசனுக்கு என்ன வேலை என்கிறீர்களா? ஊரும் அதைத்தான் கேட்டது.

"குளிருதா உப்பு?" என்றான். அவளுக்கு அவன் வைத்திருந்த பெயர் அது. துண்டை எடுத்து அவனே தலையைத் துவட்டிவிட்டான்.

"மூணு வருஷமா துவட்டுற. காலைப் பாரு, வளையம் உரசி உரசிப் புண்ணாப் போச்சு. இதைக் கழட்ட மட்டும் உனக்குக் கை வரமாட்டேங்குது."

அவன் துண்டை உதறி மடித்து வைத்தான்.

ஏழ்திட்டின் அரசர்களும் ஒருகாலத்தில் எல்லா அரசர்களையும் போலத்தான் இருந்தார்கள். மச்சானுக்கு மழைநீர்த் தொட்டி, மருமகனுக்கு மீன்துறை, மிச்சம் மீதி மக்களுக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மக்கள் கடைசியில் நிகரி என்று ஒரு பொறியைச் செய்தார்கள். அரிசி அளவுதான் இருக்கும். முடிசூட்டும் அன்று அரசனின் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். குடிமக்கள் பெயரெல்லாம் பதிந்த குடியேட்டில் உள்ள இரண்டு லட்சம் பெயரும் அதற்குத் தெரியும். அந்த இரண்டு லட்சத்தில் யாரைப் பார்த்தாலும் அரசன் மனதில் ஒரே அளவு பாசம்தான் சுரக்கும். கொஞ்சநஞ்சப் பாசமும் அல்ல, பெற்ற பிள்ளைமேல் வைக்கிற பாசம். மனு கொடுக்க வந்தவர் வாசலில் தடுக்கி விழுந்தால் அரசன் பதறி எழுந்து ஓடுவான். அடேயப்பா, மக்களுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று! ஆதன்வேளின் தாய் இறந்த அன்று திட்டுகளில் வேறு பத்துப் பேரும் இறந்தார்கள். பதினோரு பேருக்கும் அவன் ஒரே அழுகைதான் அழுதான்.

சிறைப்பட்டவள் பெயர் மட்டும் குடியேட்டில் கிடையாது. வெளியாள்மேல் அரசனுக்கு ஆசை வரும் என்று எந்தப் பொறியாளன் கண்டான்! நிகரியைப் பொறுத்தவரை உமிரி என்று ஒருத்தி உலகத்திலேயே இல்லை. அதனால் அவளிடம் மட்டும் ஆதன்வேள் கோபப்பட்டான், முறைத்துக்கொண்டான், அவள் முங்கி மேலே வர நேரமானால் தவித்தான். அவளுக்கும் அவன்மேல் உயிர்தான். அதற்காகக் கால் வளையம் இனிக்குமா என்ன?

வளையத்தைக் கழற்றச் சட்டத்தில் ஒரே வழிதான் இருந்தது, குடியேட்டில் பெயர் ஏற்றுவது. சட்டத்தை மீறி அவனுக்குப் பழக்கமில்லை. ஒரே ஒரு காரியத்தில்தான் அவன் கடமை தவறினான். அமைச்சர் அம்பலவாணர் மாதாமாதம் ஓர் ஆணைப்பலகையை நீட்டுவார். ஓடக்குடிப் படகுகள் பாதி மீனை அள்ளிப் போகின்றன, பீரங்கியால் அடித்து மூழ்கடிக்க அரசர் கைரேகை வைக்க வேண்டும் என்பார். அரசன் "அப்புறம் பார்ப்போம்" என்பான். அந்த நாற்பது படகில் ஒன்றில் உமிரியின் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள்.

"என் பேரை எழுது. ராணியாவும் ஆக்கு. அந்தப் பலகையை நானே உடைச்சுக் கடல்ல போடுறேன்" என்றாள் உமிரி.

"எழுதினா எல்லாம் போயிடும்டி."

"நான் எங்க போவேன்? உங்கூடத்தானே இருக்கப்போறேன்."

"நீ இருப்ப. நான் போயிடுவேன்."

"அரிசி அளவு பொறி! அதுக்குப் போய் இப்படி நடுங்குறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? என்னைக் கட்டிப்போட்டு வச்சாத்தான் உனக்கு ஆசை வரும்னா, அது என்ன ஆசை?"

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் விடவில்லை.

"நாளையிலேர்ந்து நான் தண்ணியில இறங்கமாட்டேன். பேர் ஏறுனாத்தான் இறங்குவேன்."

இரண்டு லட்சம் வயிறு. கடமைக்குக் கட்டுப்பட்டவனுக்கு அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று கரை வரும்வரை அவன் அவள் கையை விடவே இல்லை.

வளையத்தோடு அவளால் தூரம் வர முடியாது என்பதால் மறுநாள் காலையில் படகுத்துறையிலேயே சபை கூடியது. வழக்கப்படி உமிரி ஒரு கை மழைநீர் குடித்து, குடியேட்டில் உள்ளங்கையைப் பதித்தாள். ஏடு ஒருமுறை பச்சையாக மின்னியது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவனும் சிரித்தான். வாசலில் மனுவோடு நிற்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. குனிந்து, தன் கையாலேயே அவள் கால் வளையத்தைக் கழற்றினான். புண்ணைப் பார்த்து அவன் கண் கலங்கியது.

"ரொம்ப வலிச்சிருக்குமே. மருந்து போடச் சொல்றேன். இனி நீங்க எங்க வேணும்னாலும் போகலாம்மா."

நீங்க. அம்மா. உமிரி அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"ஏய், வேள். உப்புடா. என்னைப் பாரு."

"பார்த்துக்கிட்டுத்தான்மா இருக்கேன். என்ன வேணும், சொல்லுங்க" என்றான் அன்பாக.

அந்த நேரம் பார்த்து அம்பலவாணர் பலகையை நீட்டினார். அரசன் ஒருமுறைக்கு இருமுறை படித்தான்.

"நம்ம பிள்ளைங்க அரை வயிறு சாப்பிடுறாங்க. மூணு வருஷமா இதை நான் ஏன் தள்ளிப்போட்டேன்?" என்று வெட்கத்தோடு கேட்டுவிட்டுக் கையைப் பதித்தான்.

"பாவி! எங்கம்மா இருக்காடா அங்க!" அவள் பாய்ந்து பலகையைப் பிடுங்கினாள். அதற்குள், கை பட்ட கணமே, ஆணை பலகையிலிருந்து கீழைத்திட்டுப் பீரங்கிக்குப் போய்விட்டது. "திரும்ப வாங்கு! நீ சொன்னா நிறுத்துவாங்க!"

"உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா. அவங்க நம்ம குடி இல்லையே." அவன் கன்னத்தில் உண்மையாகவே கண்ணீர் வழிந்தது. அதில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை.

உமிரி அமைச்சரின் சட்டையைப் பிடித்தாள். "என் பேரை அழி! நான் மறுபடி கைதியாவே இருந்துக்கிறேன். வளையத்தை மாட்டு!"

"செத்தா அழியும். இல்லேன்னா அரசர்மேல கை வச்சு, அவர் தன் வாயால குற்றம்னு சொன்னா அழியும். வேற வழி கிடையாதும்மா" என்றார் அவர்.

அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நேரே போய் அரசன் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். சொல்லுடா, குற்றம்னு சொல்லு, ஒரே ஒரு வார்த்தை என்று மனசுக்குள் கெஞ்சினாள். அவளுடைய வேள் திரும்பி வந்துவிடுவான், பீரங்கியை நிறுத்திவிடுவான்.

"பெத்தவளை இழக்கப்போற பிள்ளை வேற என்ன செய்யும்? குற்றமே இல்லை. மன்னிச்சுட்டேன்" என்றான் ஆதன்வேள்.

அவள் மறுபடி அறைந்தாள். அவன் உதடு கிழிந்தது.

"அடிங்கம்மா. மனசு ஆறட்டும்."

மூன்றாவது முறை அவள் கை ஓங்கியபோது கீழைத்திட்டில் பீரங்கி முழங்கியது. ஓங்கிய கை அப்படியே கீழே விழுந்தது. அரசன் அவளை மெல்லத் தோளில் சாய்த்துக்கொண்டு, குழந்தையைத் தேற்றுவதுபோல் முதுகைத் தட்டிக்கொடுத்தான். இப்படி ஓர் அரசன் கிடைக்க நாம் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.